தரவிலிருந்து மங்கல் விதிகள்: வரலாறும் விளங்குதன்மைச் சிக்கலும்

தரவிலிருந்து மங்கல் விதிகளை ஆக்குதல் என்பது, அளந்து பெற்ற எண்களின் தொகுப்பைக் கொண்டு "இப்படி இருந்தால் இப்படி" என்ற வடிவில், மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய விதிகளைக் கணினியே எழுதும்படி செய்யும் முறையாகும். "வெப்பம் சற்று அதிகம் எனில் எரிபொருளைக் கொஞ்சம் குறை" என்பது இத்தகைய விதிக்கு ஓர் எடுத்துக்காட்டு. இதிலுள்ள 'சற்று', 'அதிகம்', 'கொஞ்சம்' ஆகிய சொற்களுக்குக் கறாரான எல்லை கிடையாது. எல்லை கறாராக இல்லாத இச்சொற்களைக் கணிதத்துக்குள் கொண்டுவரும் கோட்பாடே மங்கல் தருக்கம். 1990களில் துணி துவைக்கும் இயந்திரங்களின் விளம்பரங்கள் வழியாக 'ஃபஸி லாஜிக்' என்ற பெயரில் இந்திய வீடுகளில் பலரும் இதைக் கேள்விப்பட்டனர்.

இத்துறையின் ஏறத்தாழ அறுபது ஆண்டு வரலாற்றை மூன்று கட்டங்களாகப் பிரிக்கலாம். முதல் கட்டத்தில் விதிகள் அனுபவமுள்ள தொழிலாளர்களிடமும் வல்லுநர்களிடமும் கேட்டு எழுதப்பட்டன. இரண்டாம் கட்டத்தில் கணினி தரவைப் பார்த்துத் தானே விதி எழுதியது. துல்லியம் கூடியது, ஆனால் விதிகள் பலவும் படிப்பவருக்குப் புரியாதவையாக மாறின. மூன்றாம் கட்டத்தில் அந்தப் புரியும் தன்மையை மீட்பதற்கான நிபந்தனைகள் வகுக்கப்பட்டன. இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. கல்கத்தாவில், தெலுங்கு உயிரொலிகளை வைத்து நடந்த ஆய்வுகள் அவை. விதி புரிய வேண்டும் என்ற கோரிக்கை எதற்காக எழுந்தது என்பதை அந்த உயிரொலிகளைக் கொண்டே எளிதாக விளக்கலாம்.

மங்கல் கணமும் மொழிசார் மாறியும்

லோட்ஃபி ஜாதே (1921–2017) பாகூ நகரில் பிறந்து, ஈரானில் வளர்ந்து, அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர். 1965இல் 'இன்ஃபர்மேஷன் அண்ட் கண்ட்ரோல்' என்ற ஆய்விதழில் 'ஃபஸி செட்ஸ்' என்ற கட்டுரையை வெளியிட்டார். வழக்கமான கணக் கோட்பாட்டில் ஒரு பொருள் ஒரு கணத்துக்குள் இருக்கும், அல்லது இருக்காது. ஜாதே இதை மாற்றி, ஒரு பொருள் ஒரு கணத்தில் எந்த அளவுக்கு உறுப்பாக இருக்கிறது என்பதை 0 முதல் 1 வரையுள்ள ஓர் எண்ணால் குறிக்கலாம் என்றார். இந்த எண் உறுப்பாண்மை அளவு எனப்படும்.

இதை நிகழ்தகவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. "நாளை மழை பெய்வதற்கான நிகழ்தகவு 0.7" என்பது இனி நடக்கப்போவது பற்றிய ஐயத்தைக் கூறுகிறது. "இன்று பெய்தது பலத்த மழை என்பதில் 0.7 அளவு உண்மை" என்பதோ, பெய்து முடிந்து, அளந்தும் பார்த்துவிட்ட மழையைப் பற்றியது. மழையின் அளவில் ஐயமில்லை. 'பலத்த' என்ற சொல்லின் எல்லைதான் மங்கலாக உள்ளது.

1973இல் ஜாதே வெளியிட்ட மற்றொரு கட்டுரை இத்துறைக்கு அடித்தளமாயிற்று. எண்களை மட்டுமன்றிச் சொற்களையும் மதிப்புகளாக ஏற்கும் மொழிசார் மாறி என்ற கருத்து அதில் விரிவாக அமைந்தது. தமிழ்ச் சமையலறையில் இக்கருத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. வெல்லப்பாகு காய்ச்சுபவர் அதன் நிலையை இளம்பாகு, ஒரு கம்பிப் பதம், இரண்டு கம்பிப் பதம், உருண்டைப் பதம் என்று சொல்வார். இங்கே பாகின் பதம் என்பது மாறி. இந்த நான்கு சொற்களும் அதன் மதிப்புகள். ஒரு பதம் முடிந்து அடுத்தது தொடங்கும் நொடியை யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. ஆயினும் "ஒரு கம்பிப் பதம் வந்ததும் இறக்கு" என்ற விதி தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வருகிறது.

அதே 1973 கட்டுரையில் ஜாதே முன்வைத்த மற்றொரு கருத்து பொருந்தாமைக் கொள்கை எனப்படுகிறது. ஓர் அமைப்பின் சிக்கல் கூடக்கூட, அதைப் பற்றித் துல்லியமாகவும் அதே வேளையில் பொருளுள்ளதாகவும் பேசும் நமது திறன் குறைகிறது என்பது அதன் சாரம். பின்னாளில் எழுந்த விளங்குதன்மை விவாதத்தின் வித்து இங்கேயே உள்ளது.

தொழிலாளியிடமிருந்து வந்த விதிகள்

ஜாதேயின் கருத்தை முதலில் ஓர் இயந்திரத்தில் செயற்படுத்தியவர் எப்ராகிம் மம்தானி (1942–2010). தான்சானியாவில் பிறந்து, இந்தியாவில் பொறியியல் படித்து, லண்டன் குயின் மேரி கல்லூரியில் பணியாற்றியவர் இவர். இவரும் இவருடைய மாணவர் செட்ராக் அசிலியனும் ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறிய நீராவிப் பொறியைக் கட்டுப்படுத்த முயன்றனர். கொதிகலனின் அழுத்தத்தையும் பொறியின் வேகத்தையும் நிலையாக வைத்திருப்பதே வேலை. அதற்கான சமன்பாடுகளைத் தேடுவதற்குப் பதிலாக, ஒருவர் கையால் இயக்கினால் என்ன செய்வாரோ அதையே "அழுத்தம் மிகக் குறைவு, மேலும் குறைந்துகொண்டிருக்கிறது எனில் வெப்பத்தை நிறையக் கூட்டு" என்ற வகை விதிகளாக எழுதினர். இம்முயற்சி 1974, 1975ஆம் ஆண்டுகளில் கட்டுரைகளாக வெளிவந்தது. முன்பகுதி, பின்பகுதி இரண்டும் சொற்களாகவே உள்ள விதிகளைக் கொண்ட அமைப்பு இன்றும் மம்தானி வகை என்றே அழைக்கப்படுகிறது.

தொழிற்சாலையில் இம்முறையை முதலில் பயன்படுத்தியது சிமெண்ட் தொழில். டென்மார்க்கைச் சேர்ந்த எஃப்.எல். ஸ்மித் நிறுவனத்தின் பொறியாளர்களான ஹோல்ம்பிளாடும் ஆஸ்டர்கார்டும் 1970களின் இறுதியில் சிமெண்ட் சுழல் உலைக்கு மங்கல் கட்டுப்பாட்டை அமைத்தனர். சிமெண்ட் உலையைச் சமன்பாட்டால் விவரிப்பது கடினம். ஆனால் உலையைப் பல்லாண்டுகள் பார்த்த இயக்குநருக்கு, எரியும் பகுதியின் நிறத்தைக் கண்டு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். இயக்குநர்களுக்கான பாடநூல்களிலும் இத்தகைய அறிவுரைகள் விதிகளாகவே எழுதப்பட்டிருந்தன. அந்தப் பழக்கத்துக்கே கணித வடிவம் கொடுக்கப்பட்டது. 1987இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயிலில் இட்டாச்சி நிறுவனம் அமைத்த மங்கல் கட்டுப்பாடு இத்துறையை உலகறியச் செய்தது.

இந்தக் கட்டத்தில் விளங்குதன்மை என்று தனியே ஒரு சிக்கல் எழவில்லை. விதியைச் சொன்னவரே மனிதர் என்பதால், அதைப் படிப்பவருக்கும் அது புரிந்தது. விதி தவறானால் சொன்னவரிடமே திரும்பச் சென்று கேட்கலாம்.

ஆனால் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. எல்லா அறிவையும் வாயால் சொல்லிவிட முடியாது. 'இ' என்ற ஒலியையும் 'எ' என்ற ஒலியையும் நாம் நொடியில் வேறுபடுத்துகிறோம். எப்படி வேறுபடுத்துகிறோம் என்று கேட்டால் பெரும்பாலோருக்கு விடை தெரியாது. இத்தகைய வேலைகளில் விதியைச் சொல்ல ஆளில்லை. எடுத்துக்காட்டுகள் மட்டுமே உள்ளன.

கல்கத்தாவில் தெலுங்கு உயிரொலிகள்

பி.சி. மகலனோபிசு 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கல்கத்தாவில் உள்ளது. 1970களில் அங்கே துவிஜேஷ் தத்தா மஜும்தார், சங்கர் குமார் பால் ஆகியோர் மங்கல் கணங்களைக் கொண்டு பேச்சொலியை அறியும் ஆய்வில் ஈடுபட்டனர். உயிரொலிகளையும் பேசுபவரையும் அடையாளம் காண்பது பற்றிய அவர்களது கட்டுரை 1977இல் அமெரிக்காவின் ஐஇஇஇ ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட மொழி தெலுங்கு.

நாம் உயிரொலியை எழுப்பும்போது நாக்கின் இடமும் வாயின் திறப்பும் வாய்க்குழியின் வடிவத்தை மாற்றுகின்றன. அந்த வடிவத்துக்கேற்பச் சில அலைவெண்கள் வலுப்பெறுகின்றன. ஒலியியலில் இவை ஃபார்மன்ட் எனப்படும். வாய் அகலத் திறந்தால் முதல் ஃபார்மன்ட் உயரும். நாக்கு முன்னே சென்றால் இரண்டாம் ஃபார்மன்ட் உயரும். எனவே 'ஆ'வுக்கு முதல் ஃபார்மன்ட் உயர்வு. 'இ'க்கு முதலாவது தாழ்வு, இரண்டாவது உயர்வு. 'உ'வுக்கு இரண்டுமே தாழ்வு.

இந்த ஆய்வுகள் வழியாக அறியப்பட்ட தரவுத்தொகுப்பில் 871 தெலுங்கு உயிரொலிகள் உள்ளன. மெய்–உயிர்–மெய் என்ற அமைப்பில் மூன்று ஆண்கள் உச்சரித்த ஒலிகள் அவை. அவர்களின் வயது 30 முதல் 35 வரை. ஒவ்வோர் ஒலிக்கும் மூன்று ஃபார்மன்ட் அளவுகள் குறிக்கப்பட்டன. குறுகி ஒலிக்கும் நடு உயிர் 72, ஆ 89, இ 172, உ 151, எ 207, ஒ 180 என ஆறு வகுப்புகளாக அவை பிரிக்கப்பட்டுள்ளன. இந்த வகுப்புகளின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. குறிப்பாக இ–எ இணையையும் உ–ஒ இணையையும் கோடு போட்டுப் பிரிப்பது கடினம். எல்லை மங்கலாக இருப்பதாலேயே மங்கல் முறைகளைச் சோதிப்பதற்கு இத்தொகுப்பு பொருத்தமாக அமைந்து, பல ஆண்டுகள் பயன்பட்டது.

இந்த ஒலிகள் தமிழருக்கு அந்நியமானவை அல்ல. திருவள்ளூர் மாவட்டத்தின் பள்ளிப்பட்டு வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் கேட்கும். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த பள்ளிப்பட்டும் திருத்தணியும் 1960 ஏப்ரலில்தான் எல்லை மாற்றத்தால் சென்னை மாநிலத்துக்கு வந்தன. இ–எ, உ–ஒ மயக்கம் தமிழிலும் நாள்தோறும் கேட்பதே. 'இலை' என்று எழுதிப் பலரும் 'எலை' என்று பேசுகிறோம். 'உடம்பு' பேச்சில் 'ஒடம்பு' ஆகிறது.

1977ஆம் ஆண்டு ஆய்வு விதிகளை எழுதவில்லை. ஒவ்வொரு வகுப்போடும் ஒலி எந்த அளவு ஒத்திருக்கிறது என்பதையே கணித்தது. விதி எழுதும் முயற்சி பின்னர் வந்தது. 1992இல் சங்கர் பாலும் சுஷ்மிதா மித்ராவும் நரம்பியல் வலையமைப்பையும் மங்கல் கணங்களையும் இணைத்தனர். ஒவ்வொரு ஃபார்மன்ட்டும் ஒரே எண்ணாக அன்றி, 'தாழ்வு', 'நடு', 'உயர்வு' என்ற மூன்று சொற்களுக்கான உறுப்பாண்மை அளவுகளாக வலையமைப்புக்குள் சென்றது. அதாவது மூன்று எண்கள் ஒன்பதாயின.

1995இல் இவ்விருவரும் வெளியிட்ட அடுத்த கட்டுரை இன்னும் முக்கியமானது. அதில் வலையமைப்பு ஒரு முடிவைச் சொன்னபின், ஏன் அந்த முடிவு என்று பயனர் கேட்டால், விதி வடிவில் விடை தரும். தரவு முழுமையாக இல்லாதபோது, எந்த அளவு இன்னும் தேவை என்று பயனரிடம் கேட்கவும் செய்யும். வலையமைப்பு கற்றுக்கொண்ட இணைப்பு எடைகளைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்று, முடிவுக்கு வலுவான காரணமாக இருந்த உள்ளீடுகளைக் கண்டறிந்து, அவற்றைச் சொற்களாக்குவதே இதன் வழி. நரம்பியல் வலையமைப்பை உள்ளே பார்க்க முடியாத கறுப்புப் பெட்டி என்று பலரும் ஏற்றுக்கொண்டிருந்த காலத்தில், அதனிடம் காரணம் கேட்ட முயற்சி இது.

எண்களிலிருந்து விதி எழுதுவது எப்படி?

தரவிலிருந்து விதி எழுதும் முறைகளில் மிக எளியதும் பெரிதும் அறியப்பட்டதும் 1992இல் லி-சின் வாங், ஜெர்ரி மெண்டல் ஆகியோர் வெளியிட்ட முறை. ஒரு சரக்குந்தைப் பின்னோக்கி ஓட்டி நிறுத்துமிடத்தில் சேர்ப்பது அவர்களது எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. அதே காலத்தில் ஹிசாவோ இஷிபுச்சியும் அவருடைய குழுவினரும் வகைப்படுத்தும் வேலைகளுக்கு இத்தகைய விதிகளை உருவாக்கினர். வாங்–மெண்டல் முறையைப் பிறர் வகைப்படுத்தலுக்கும் விரித்தனர். அதன் படிகளை உயிரொலிகளைக் கொண்டு காணலாம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

முதற்படி, சொற்களுக்கு எல்லை வகுப்பது. முதல் ஃபார்மன்ட்டில் 300 ஹெர்ட்சு முழுமையான 'தாழ்வு' என்றும், 500 முழுமையான 'நடு' என்றும், 700 முழுமையான 'உயர்வு' என்றும் கொள்வோம். இடையிலுள்ளவை இரண்டு சொற்களுக்கும் பகிரப்படும். இரண்டாம் ஃபார்மன்ட்டில் இதே சொற்களுக்கு 900, 1500, 2100 ஹெர்ட்சு என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி, ஒவ்வொரு பதிவையும் ஒரு விதியாக்குவது. ஒரு பதிவில் முதல் ஃபார்மன்ட் 350, இரண்டாவது 1980, ஒலி 'இ' என்று உள்ளது. 350 என்பது 'தாழ்வு' 0.75, 'நடு' 0.25. 1980 என்பது 'உயர்வு' 0.8, 'நடு' 0.2. அதிக அளவுள்ள சொற்களை எடுத்தால் "முதலாவது தாழ்வு, இரண்டாவது உயர்வு எனில் ஒலி இ" என்ற விதி கிடைக்கிறது.

மூன்றாம் படி, விதிக்கு வலிமை கொடுப்பது. இந்த விதியின் வலிமை 0.75 × 0.8 = 0.6.

நான்காம் படி, முரண்பாட்டைத் தீர்ப்பது. இன்னொரு பதிவில் முதல் ஃபார்மன்ட் 380, இரண்டாவது 1860, ஒலி 'எ' என்று உள்ளது. 'தாழ்வு' 0.6, 'உயர்வு' 0.6. எனவே "முதலாவது தாழ்வு, இரண்டாவது உயர்வு எனில் ஒலி எ" என்ற விதி வருகிறது. அதன் வலிமை 0.36. இரண்டு விதிகளுக்கும் முன்பகுதி ஒன்றே, முடிவு வேறு. வலிமை மிக்க 'இ' விதி தங்கும். 'எ' விதி நீக்கப்படும்.

ஐந்தாம் படி, எஞ்சிய விதிகளைத் தொகுப்பது. மூன்று ஃபார்மன்ட்டுகளுக்கும் மும்மூன்று சொற்கள் என்றால் அதிகம் போனால் 27 விதிகள் வரும். ஒரு தாளில் எழுதி ஒரே பார்வையில் படித்துவிடலாம்.

நான்காம் படியைக் கவனிக்க வேண்டும். நீக்கப்பட்ட பதிவு பிழையான அளவீடாக இருக்கலாம். அல்லது ஒரு வட்டாரத்தின் உண்மையான உச்சரிப்பாகவும் இருக்கலாம். 'இலை'யை 'எலை' என்று பேசுபவரின் ஒலியை, எழுத்தைப் பார்த்து 'இ' என்று குறித்துவைத்தால், அந்தப் பதிவும் இப்படியே பிற பதிவுகளோடு முரண்படும். வலிமை குறைவாக இருந்தால் நீக்கப்படும். இது கணக்குக்குச் சரி. பேசுபவருக்கோ, தன் பேச்சை இயந்திரம் கேட்க மறுக்கிறது. இந்த முறையில் எந்த விதி எதனிடம் தோற்றது என்பதைத் திரும்பிப் பார்க்க முடியும் என்பதே இதன் சிறப்பு.

துல்லியத்தின் விலை

1985இல் ஜப்பானின் தகாகி, சுகெனோ ஆகியோர் வேறொரு வகை விதியை முன்வைத்தனர். அதில் முன்பகுதி சொற்களாகவும், முடிவுப்பகுதி ஒரு சமன்பாடாகவும் இருக்கும். 1993இல் ஜாங் வெளியிட்ட 'அன்ஃபிஸ்' என்ற முறை, இவ்வகை விதிகளை நரம்பியல் வலையமைப்பைப் போலவே தரவைக் கொண்டு படிப்படியாகத் திருத்தியது. போதிய விதிகள் இருந்தால் மங்கல் அமைப்பால் எந்தத் தொடர் சார்பையும் வேண்டிய அளவுக்கு நெருங்க முடியும் என்பதும் அக்காலத்தில் நிறுவப்பட்டது. ஆய்வாளர்களின் கவனம் பிழையைக் குறைப்பதிலேயே சென்றது.

இதனால் மூன்று கேடுகள் விளைந்தன. ஒன்று, சொற்களின் எல்லைகள் இடம்பெயர்ந்தன. பிழையைக் குறைப்பதற்காகத் திருத்தப்பட்ட 'நடு', 'உயர்வு' இரண்டும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடலாம். 'தாழ்வு' என்று பெயரிட்ட வளைவு 'நடு'வுக்கு வலப்புறம் சென்றுவிடவும் கூடும். அப்போது விதி இலக்கணப்படி ஒரு வாக்கியம்தான். ஆனால் அதன் சொற்களுக்குப் பொருள் இல்லை.

இரண்டு, விதிகளின் எண்ணிக்கை பெருகியது. மூன்று மாறிகளுக்கு 27 விதிகள் என்றால், பத்து மாறிகளுக்கு மும்மூன்று சொற்கள் கொண்டால் 59,049 சேர்க்கைகள் வரும். அவ்வளவு விதிகளும் தனித்தனியே தெளிவாக இருந்தாலும், தொகுப்பாக அவற்றைப் படித்து முடிக்க ஒருவராலும் இயலாது.

மூன்று, ஒவ்வொரு விதிக்கும் தனித்தனிச் சொல்லெல்லைகள் அமைந்தன. ஒரு விதியிலுள்ள 'உயர்வு' வேறு, அடுத்த விதியிலுள்ள 'உயர்வு' வேறு என்றானது. பொதுவான சொல்வளம் இல்லாத இரண்டு விதிகளை ஒப்பிடுவது இரண்டு மொழிகளைக் கலந்து படிப்பதற்குச் சமம்.

விளங்குதன்மைக்கு வகுத்த நிபந்தனைகள்

1990களின் இறுதியில் இந்தக் கேடுகளைக் களையும் ஆய்வுகள் வந்தன. 1998இல் நெதர்லாந்தில் செட்னெஸ், பாபுஷ்கா முதலியோர், மிகவும் ஒத்த மங்கல் கணங்களைக் கண்டறிந்து ஒன்றாக்கி விதித்தொகுப்பை எளிதாக்கும் வழியைக் காட்டினர். 1999இல் வலெண்டே டி ஒலிவேரா, சொல்லெல்லைகளைத் திருத்தும்போதே அவற்றின் பொருள் கெடாமல் காக்கும் நிபந்தனைகளை முன்வைத்தார். 2001இல் செர்ஜ் கியோம், தரவிலிருந்து மங்கல் விதிகளை ஆக்கும் முறைகளை விளங்குதன்மை என்ற ஒரே அளவுகோலால் மதிப்பிட்டு எழுதினார். 2003இல் கசிலாஸ், கோர்டோன், எர்ரேரா, மக்தலேனா ஆகிய ஸ்பானிய ஆய்வாளர்கள் தொகுத்த நூல்கள் துல்லியம், விளங்குதன்மை ஆகிய இரண்டையும் தனித்தனியே ஆராய்ந்தன. இஷிபுச்சியின் குழு மரபணு வழிமுறைகளைக் கொண்டு, குறைந்த விதிகளால் அதிகப் பதிவுகளைச் சரியாக வகைப்படுத்தும் தொகுப்புகளைத் தேடியது.

இந்த ஆய்வுகளிலிருந்து திரண்ட நிபந்தனைகளைப் பின்வருமாறு சுருக்கலாம்.

– ஒரு மாறிக்கான சொற்கள் குறைவாக இருக்க வேண்டும். மனிதரின் உடனடி நினைவில் ஏறத்தாழ ஏழு பொருள்களே தங்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதியது இதற்கு அடிப்படையாகக் காட்டப்படுகிறது.
– அடுத்தடுத்த சொற்கள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டுத் தெரிய வேண்டும். அவற்றின் வரிசையும் மாறக்கூடாது.
– எந்த அளவும் பெயரில்லாமல் விடுபடக் கூடாது.
– எல்லா விதிகளும் ஒரே சொல்வளத்தைப் பயன்படுத்த வேண்டும்.
– விதிகள் சிலவாகவும், ஒவ்வொரு விதியும் குறுகியதாகவும் இருக்க வேண்டும்.
– ஒரே முன்பகுதிக்கு இரண்டு முடிவுகள் இருக்கக் கூடாது.

எல்லா மாறிகளையும் விதியில் வைக்க வேண்டியதில்லை என்பதும் இக்காலத்தில் வலியுறுத்தப்பட்டது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நிகில் ஆர். பாலும் தேவ்ருப் சக்ரவர்த்தியும் 2004இல், பயனற்ற மாறிகளை நீக்குவதையும் விதிகளை ஆக்குவதையும் ஒரே வேளையில் செய்யும் முறையை வெளியிட்டனர். அதே 2004இல் அந்நிறுவனத்தில் மென்கணிமை ஆய்வு மையம் சங்கர் பாலின் முயற்சியால் தொடங்கப்பட்டது. அவர் 2005 முதல் 2010 வரை நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். 2013இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இந்த நிபந்தனைகளைக் கடைப்பிடித்தால் துல்லியம் சிறிது குறையக்கூடும். எவ்வளவு குறையும் என்பது தரவைப் பொறுத்தது. சில வேளைகளில் குறையாமலும் இருக்கும். தேவையற்ற விதிகளை நீக்குவது, கணினி தரவிலுள்ள தற்செயல்களை மனப்பாடம் செய்வதைத் தடுப்பதே இதற்குக் காரணம். இத்தகைய விதிகளை ஆக்கிப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு, பிரான்சில் உருவான 'ஃபிஸ்ப்ரோ' என்ற கட்டற்ற மென்பொருள் கிடைக்கிறது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இத்துறை இரண்டு வழிகளில் வளர்ந்தது. ஒன்று பாடநூல் வழி. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் எஸ். ராஜசேகரன், ஜி.ஏ. விஜயலட்சுமி பை எழுதிய நூல் 2003இலும், எஸ்.என். சிவானந்தம், எஸ்.என். தீபா எழுதிய மென்கணிமை நூல் 2007இலும் வெளிவந்தன. இந்தியப் பொறியியல் மாணவர்கள் பலர் மங்கல் தருக்கத்தை முதலில் படித்தது இத்தகைய நூல்களில்தான்.

மற்றொன்று சமூக ஆய்வு வழி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கணிதப் பேராசிரியராக இருந்த வசந்தா கந்தசாமி, மங்கல் அறிதிறன் படங்களைக் கொண்டு சமூகச் சிக்கல்களை ஆராய்ந்தார். எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் ஊரகத் தமிழ்நாட்டின் புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றிய நூல் அவற்றுள் ஒன்று. இங்கே உறவுகள் மக்களின், வல்லுநர்களின் கூற்றுகளிலிருந்து எடுக்கப்பட்டன. எனவே இது இவ்வரலாற்றின் முதல் கட்ட மரபைச் சேர்ந்தது. மனிதரிடம் கேட்டு அறியும் அந்த மரபு இன்றும் மறையவில்லை என்பதற்கு இது சான்று.

எதிர்ப்பும் மறுமதிப்பீடும்

மங்கல் தருக்கம் தொடக்கம் முதலே எதிர்ப்பைச் சந்தித்தது. கட்டுப்பாட்டியலில் புகழ்பெற்ற ருடால்ஃப் கால்மன் 1970களின் தொடக்கத்திலேயே இதை வெளிப்படையாகக் கண்டித்தார். 1993இல் சார்லஸ் எல்கன் எழுதிய கட்டுரை கூடுதல் கவனத்தை ஈர்த்தது. வெற்றி பெற்ற மங்கல் கருவிகளில் விதிகள் மிகக் குறைவு. அவற்றின் வெற்றிக்கு மங்கல் தருக்கம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பெரிய அமைப்புகளில் இவை இடர்ப்படும் என்பது அவர் வாதத்தின் சாரம். இத்துறையினர் பலர் அதற்கு மறுப்பு எழுதினர். ஆயினும் விதிகள் பெருகினால் என்னாகும் என்ற கேள்வி நியாயமானதே. விளங்குதன்மை ஆய்வுகள் பிற்பாடு எதிர்கொண்டதும் இதே கேள்வியைத்தான்.

2010களில் ஆழ்கற்றல் வலையமைப்புகள் படம், பேச்சு, மொழி ஆகியவற்றில் பெருவெற்றி பெற்றபோது மங்கல் விதிகள் பின்தள்ளப்பட்டன. ஆனால் கடன், வேலை, மருத்துவம் பற்றிய முடிவுகளைக் கணினி எடுக்கத் தொடங்கியதும் பழைய கேள்வி திரும்பி வந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைப் பெரிதும் பாதிக்கும் தானியங்கி முடிவுகளின் பின்னுள்ள தருக்கம் பற்றி அவருக்குப் பொருளுள்ள தகவல் தர வேண்டும் என்கிறது. 2019இல் அமெரிக்க ஆய்வாளர் சிந்தியா ருடின், கறுப்புப் பெட்டியைச் செய்துவிட்டுப் பின்னர் அதற்கு விளக்கம் தேடுவதைவிட, முக்கியமான முடிவுகளுக்குத் தொடக்கத்திலேயே விளங்கும் மாதிரிகளைப் பயன்படுத்த வேண்டும் என்று வாதிட்டார். மங்கல் விதியாளர்கள் இருபது ஆண்டுகளாகப் பேசிவந்த கருத்துக்கு நெருக்கமானது இது.

விளங்குதன்மை எதற்காக?

விளங்கும் விதி சரியான விதியாகவே இருக்கும் என்று கொள்ளக் கூடாது. தெளிவாக எழுதப்பட்ட தவறான விதியும் உண்டு. விளங்குதன்மையின் பயன், தவறைக் கண்டு சுட்ட முடிவதில் உள்ளது.

மீண்டும் உயிரொலிகளுக்கு வருவோம். மேலே கண்ட விதிகளில் 'தாழ்வு' என்பது 300 ஹெர்ட்சை ஒட்டி அமைந்தது. இது ஆண் குரலுக்குப் பொருந்தும் எல்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் குரல்பாதை குறுகியது. ஆகவே அவர்களின் ஃபார்மன்ட்டுகள் பொதுவாக உயர்ந்தவை. மூன்று ஆண்களின் குரலில் கற்ற விதியைக் கொண்டு பள்ளிப்பட்டில் ஒரு சிறுமியின் 'இ'யைக் கேட்டால், இயந்திரம் அதை 'எ' என்று சொல்லக்கூடும். உள்ளே பார்க்க முடியாத வலையமைப்பாக இருந்தால், பிழை நேர்வதை மட்டுமே அறிவோம். விதியாக எழுதியிருந்தால், 'தாழ்வு' என்ற சொல்லுக்கு வகுத்த எல்லையே காரணம் என்று ஓர் ஆசிரியரோ மாணவரோ கண்டுகொள்ள முடியும். யாருடைய குரலை வைத்து அந்த எல்லை வகுக்கப்பட்டது என்று கேட்கலாம். புதிய குரல்களைப் பதிவு செய்து எல்லையைத் திருத்தலாம்.

தொழிற்கூடங்களிலும் இதே நிலைதான். கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதியில் உலையையோ கொதிகலனையோ முப்பது ஆண்டுகள் பார்த்த ஒருவர் ஓய்வு பெறும்போது, அவருடைய அறிவும் அவரோடு வெளியேறிவிடுகிறது. உணர்கருவிகள் சேர்த்துவைத்த எண்களிலிருந்து கணினி விதிகளை எழுதலாம். அந்த விதிகள் சொற்களில் இருந்தால், அவர் ஓய்வு பெறும் முன் அவரிடமே படித்துக்காட்டி, எது சரி, எது பிழை, எது விடுபட்டது என்று கேட்க முடியும். முதல் கட்டத்தில் தொழிலாளியிடம் கேட்டு விதி எழுதினர்; இரண்டாம் கட்டத்தில் தரவிடம் கேட்டனர். தரவு எழுதிய விதியைத் தொழிலாளி படித்துத் திருத்துவதற்கான வழியே இன்றைய விளங்குதன்மை ஆய்வுகள் தேடுவது.